பச்சைத் தண்ணிகூட இல்லம்மா

ஏங்க,

டிகாக்‌ஷன் வாசனை இன்றைக்கு எனக்கு ஆகவில்லை. நம்ம பெரியவனுக்குக் கலந்து வைத்த காபி ஆறி ஆடை படிந்து கிடக்கிறது. இரண்டு மாதமாக அவனுக்கும் உங்களை மாதிரியே முதுகு வரைக்கும் போகிற வயிற்றுவலி. உடம்பு பாதியாகிவிட்டது. நாளைக்கு ரிசல்ட். யாரிடம் போய் அழுவேன்? அஞ்சாம் கிளாஸ் எழுத்தில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஸ்கேன் எடுத்த அன்றைக்கும் வெறும் வயிற்றோடுதான் வரச் சொன்னார்கள். பட்டினியோடு வாசப்படி தாண்டக் கூடாது என்று நான்தான் காபியை உங்கள் கையில் திணித்தேன். "ஏதாவது சாப்ட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பச்சைத் தண்ணிகூட இல்லம்மா" என்றீர்கள். வயிற்றில் ஜெல்லியைத் தடவியதும், "சினிமா ஸ்டுடியோவுல செட்டுக் கட்டைக்கு நான் வார்னிஷ் அடிப்பேன், நீங்க எனக்கே அடிக்கிறீங்களே!" என்றீர்கள். அந்தம்மாவே சிரித்துவிட்டாள்.

வயிற்றில் கேஸ் மறைக்கிறது, கணையம் சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தடவை வாங்க என்றார்கள். கேஸ்தானே என்று நமக்கு நிம்மதி. திரும்பப் போகவே இல்லை. நாலு மாதம் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். கண் மஞ்சளானபோது கணையத்தில் கட்டி முற்றி எல்லாம் முடிந்திருந்தது.

பெரியவன் மகள் இப்போது ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற ரூமில் டெக்னீஷியன். நம்ம வீட்டில் முதல் வெள்ளைக் கோட்டு. நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அந்த ரூமுக்குள்தான் முந்தாநாள் அவள் அப்பனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னா ஆயா, இப்டி பயப்படுற? ஸ்கேன் குழாய் முனையிலயே கீது. வாய் வழியா இரைப்பைக்குள்ள போய், பக்கத்துலேர்ந்து கணையத்தைப் பாக்கும். காத்து மறைக்காது."

"அப்ப உன் தாத்தாவுக்கு நான் குடுத்த காபிதான்..."

"வெறும் வயித்தோட போனாலும் அந்த ஸ்கேன்ல நெறைய பேருக்குத் தெரியாது ஆயா. இந்தக் குழாய் அப்போ நம்மகிட்ட ஏது?"

நிறைய பேருக்கு என்றாள். எல்லோருக்கும் என்று சொல்லவில்லையே. ஏங்க எனக்காக அந்தப் பொய்? நான் திட்டு வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன் என்று விட்டிருக்கக் கூடாதா?

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மாஸ்க்கைக் கழற்றவில்லை. "சின்னதா ஒண்ணு தெரியுது ஆயா. ஊசி விட்டு சதை எடுத்துக்கீறாங்க."

மயக்கம் தெளியாமல் பெரியவன் கேட்டான்: "ஒண்ணும் இல்லதானம்மா?"

"இருக்குடா. சின்னதா இருக்கு. பாத்துட்டாங்க" என்றேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அம்பது வயசு ஆம்பளைப் பிடி. பேத்தி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். அந்த இடம் இன்னும் வலிக்கிறது. தைலம் தேய்க்கச் சொல்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன்.