அம்மாவுக்குக் கத்தி வைக்க மாட்டார்களாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவேன், இந்த முறை முடியவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, பரவிவிட்டது. உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், மீறித்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் ஊருக்கே தைத்துக் கொடுத்தவள், உடம்பு இளைக்க இளைக்கத் தன் துணிகளையெல்லாம் கால் அங்குலம் கால் அங்குலமாகப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எதுவும் தொளதொளக்கவில்லை, கூடவே இருந்த எனக்கும் தெரியவில்லை. கண்ணிருந்தும் குருடன் நான்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் அந்தக் கால அறுவை சிகிச்சைச் சாமான்களை வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அதையாவது பார்க்கலாம் என்றாள் அம்மா. எலும்பு அறுக்கும் ரம்பத்தைப் பார்த்து, லேத் பட்டறையில் காலம் தள்ளிய நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ வளைந்த ஊசிகள் முன்னால் நின்றுவிட்டாள். தோலில் போட்டுக் காட்டியிருந்த மாதிரித் தையலைப் பார்த்து, நூலை இப்படி இழுத்தால் சுருங்காமல் என்ன செய்யும், என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன் என்றாள். இருவரும் சிரித்தோம். அடுத்த அறையில் தோல் வார் கட்டிய மரமேசை. மயக்க மருந்து இல்லாத காலத்தில் நாலு பேர் கைகாலை அமுக்கிக்கொள்ள, டாக்டர் இரண்டே நிமிஷத்தில் அறுத்து முடிப்பாராம், பலர் பிழைக்கவில்லையாம், காவலாளி சொன்னார். அம்மா அந்த மேசையை விட்டு நகரவே இல்லை.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, திறந்தாலும் பயனில்லை, வலிக்கு மட்டும் மாத்திரை தருகிறேன் என்றார். இன்னொருவரிடமும் காட்டியாயிற்று, அவரும் அதையேதான் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா, "அந்த மேசையில படுத்தவங்களையாவது வெட்டிப் பாத்தாங்க. எனக்கு அதுகூட இல்ல" என்றாள். பாவி நான், படியைப் பார்த்து இறங்கு என்றுதான் சொன்னேன்.

உனக்கு வயிற்றில் சின்ன வலி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, உடனே காட்டு. நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். லீவு வருஷக் கடைசியில்தான் என்றாய், அவ்வளவு நாள் இல்லை மகளே, கிடைக்கிற டிக்கெட்டில் புறப்படு. உன்னைப் பார்த்தால் குணமாகிவிடுவாள் என்று சொல்லிக் கூப்பிடவில்லை. ஆகமாட்டாள். அவள் உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா