மாடிக்குப் போன மோட்டார்

லண்டன்
12-2-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் மகளும் சுகம். இடுப்பொடிந்த அம்மாவை அண்ணி விடியுமுன் வெளிக்கிருக்கத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவதாகவும், பகலில் வந்தால் அம்மா அடக்கிக்கொண்டு கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அழுதேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மோட்டார் பார்த்தேன். கக்கூசுக்குப் பின்னால் பொருத்தினால் எல்லாவற்றையும் அரைத்து, மெல்லிய குழாயில் கொல்லைக் குழி வரைக்கும் தள்ளிவிடும். அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் வைக்கலாம். ஊருக்கு வரும் மலையம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தங்கை,
அன்னக்கொடி


நாகமலை புதுக்கோட்டை
20-4-1984

பாசமுள்ள தங்கைக்கு,

மோட்டார் வந்தது. அம்மா தடவிப் பார்த்து, "எம்மக அனுப்புனதா? இம்புட்டுக் கனமா இருக்கே" என்றாள்.

ஒரு சங்கடம். அம்மா அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பங்காளிகள் எல்லாரும் கும்பிடும் நம் குலசாமிப் பெட்டி இருக்கிறது. அங்கே கக்கூஸ் ஆகாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். சாமி காரியத்தில் நான் என்ன செய்ய? மாடியில் வைத்துவிட்டேன். யுனிவர்சிட்டி வாத்தியார் ஒருவர் குடிவந்திருக்கிறார். கக்கூஸ் இருந்தால்தான் வருவேன் என்றார். அம்மாவுக்குக் கட்டிலடியில் மண்சட்டி வைத்திருக்கிறோம். நல்ல வசதி.

அண்ணன்,
உக்கிரபாண்டி


லண்டன்
9-5-1984

அண்ணா,

அம்மாவுக்கு அனுப்பியது வாத்தியாருக்கா? உங்கள் அறை சாமிக்குத் தள்ளித்தானே இருக்கிறது? அம்மாவை அங்கே மாற்றி மோட்டாரை இறக்குங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அன்னக்கொடி


நாகமலை புதுக்கோட்டை
2-7-1984

தங்கைக்கு,

கோபப்படாதே. எங்கள் அறையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. மாடிக் குழாய் அம்மா கட்டிலுக்கு மேலாக, சாமிச் சுவரோரம்தான் இறங்குகிறது. குழாய்க்குத் தோஷமில்லையாம். மேலே தண்ணீர் ஊற்றினால் மோட்டார் அலறும். முதலில் பயந்த அம்மா இப்போது, "எம்மக மோட்டாரு ஓடுது" என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள்.

சாப்பாட்டைத்தான் குறைத்துவிட்டாள். தின்றால்தானே போகணும் என்கிறாள். அண்ணிக்கும் வேலை மிச்சம்.

உக்கிரபாண்டி


நாகமலை புதுக்கோட்டை
15-9-1984

பாசமுள்ள தங்கைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அம்மா கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள். கடைசியில் எலும்பும் தோலும்தான். தூக்கியவர்களுக்குச் சிரமமில்லை. கருமாதிக்கு வந்த சனமெல்லாம் மாடியேறி மோட்டாரைப் பார்த்து உன்னைப் புகழ்ந்தது.

அம்மா அறை காலியாக இருக்கிறது. எங்களுக்கு அங்கே ஒரு கக்கூஸ் வைக்கலாம் என்று இருக்கிறோம். பங்காளிகளிடம் பேசிவிட்டேன். சாமிக்கு ஒரு கிடாய் வெட்டினால் போதுமாம். இன்னொரு மோட்டார் அனுப்பிவை. என் மருமகள் சடங்குக்குத் தாய்மாமன் சீரை ஊரே மெச்சச் செய்வேன்.

உக்கிரபாண்டி


லண்டன்
1-10-1984

உக்கிரபாண்டி அவர்களுக்கு,

ஒரு கிடாய்க்கு ஒத்துக்கொள்கிற சாமியிடம் அம்மா இருக்கும்போது நீங்கள் கேட்கவே இல்லை.

என் மகளுக்குத் தாய்மாமன் கிடையாது. அவளிடமும் சொல்லிவிட்டேன். சீரோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவாள்.

செல்லத்தாய் மகள்,
அன்னக்கொடி