கல்லச்சுப் படத்தில் நான் சேர்த்த மூன்று சிப்பாய்கள்

அனுப்புநர்
‘பைண்டிங் மாமா’ என்று ஊரே அழைக்கும் புத்தகம் கட்டுபவர்,
மாடிப்படிக்குக் கீழ்க் கடை, அச்சகச் சந்து.

பெறுநர்
காவல் துறை மேலதிகாரி அவர்கள்.

பொருள்: நேற்றைய என் புகாரில் நான்கு பேர் என்பதை ஒருவர் என்று திருத்தவும், என் மைத்துனரை அடிப்பதை உடனே நிறுத்தவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வலது கை கட்டில் இருப்பதால் இடது கையால் எழுதுகிறேன். எட்டாவதில் பாதியில் நின்றவன் என்றாலும், இரண்டு கையாலும் எழுதத் தெரிந்தவன் இந்தச் சந்தில் நான் ஒருவனே.

1. என் மனைவியின் தம்பி பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். நூற்றைம்பது வருடத்துப் போர்ப் படப் புத்தகம் ஒன்றைக் கட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஓர் ஓவியர் படையோடு கூடவே நடந்து, கண்ணால் கண்டதைக் கல்லில் வரைந்து அச்சிட்ட நாற்பது படங்கள். தலையில்லாத குதிரை, சக்கரத்தில் நசுங்கிய கை எல்லாம் உண்டு. பிணவறைக் கதவைத் தனியாளாகத் திறந்த எனக்கே அன்று சாப்பாடு இறங்கவில்லை.

2. பதினேழாம் படத்தில் குடல் சரிந்த சிப்பாய் ஒருவர் வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார். படத்தின் மேல் பாதி கிழிந்து போயிருந்தது. “மாமா, வெறுந்தாள் ஒட்டினா போதும். உங்க கைவரிசையைக் காட்டிடாதீங்க” என்றார் மைத்துனர். ஒட்டினேன். வெறுந்தாள் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. பேனா மையால் மூன்று சிப்பாய்களை நிற்க வைத்தேன்: ஒரு மொட்டை, ஒரு புருவத் தழும்பு, ஒரு ஓட்டைப்பல். அந்த ஓவியர் பார்த்திருந்தால் என்னிடம் பாடம் கேட்டிருப்பார்.

3. நேற்று மதியம் மைத்துனர் வந்து பார்த்தார். “அந்த ஆள் சாகும்போது பக்கத்துல யாருமே இல்ல மாமா! அதுதான் படமே!” என்று கத்தினார். “மூணு பேர் துணைக்கு இருந்துட்டுப் போகட்டுமே மச்சான்” என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. என் வலது கையைப் புத்தகம் அழுத்தும் இரும்பு பிரஸ்ஸில் திணித்து அதன் திருகாணியை முறுக்கினார். மூன்று விரல்கள் சுள்ளியாக ஒடிந்தன. புத்தகத்தில் தெறித்த இரத்தம் என்னுடையது.

4. நோஞ்சான் மச்சான் ஒருவனிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைத்துனரும் இன்னும் மூவருமாக நான்கு பேர் கத்தியோடு வந்தார்கள், இருவரை உருட்டிவிட்டேன் என்று நிலையத்தில் சொன்னேன். அந்த மூவரின் அங்க அடையாளம் கேட்டார்கள். மொட்டை, தழும்பு, ஓட்டைப்பல் என்று தங்குதடையில்லாமல் வந்தது. எழுதிய ஏட்டையா, “இப்படி ஒரு சாட்சி கிடைக்கணுமே” என்று பாராட்டினார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

5. நேற்று மாலையிலிருந்து மைத்துனரை அடிக்கிறார்கள். சன்னல் வழியே பார்த்தேன். மேசைக் காலோடு கையைக் கட்டி, உள்ளங்காலில் லத்தி. “மத்த மூணு பேரு எங்கடா?” “மாமாவையே கேளுங்க சார். அவருக்குத்தான் தெரியும்.” நக்கல் என்று நினைத்து வாயிலேயே போட்டார்கள். இரண்டு பற்கள் தரையில் உருண்டன. ஐயா, அவர் சொன்னது சத்தியம்.

6. உள்ளே ஓடி உண்மையைச் சொன்னேன். “மூணு பேரும் வந்து மிரட்டினானுங்களா? பயப்படாதீங்க பெரியவரே, நாங்க பாத்துக்கறோம்” என்று தோளைத் தட்டி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடி இன்னும் பலத்தது. முப்பது வருடமாக என் கதைகளுக்கெல்லாம் சிரித்த மனைவி, அதே பெஞ்சின் மறுமுனையில் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

7. என் வாயை நம்ப வேண்டாம். இரத்தக் கறைக்காக எடுத்துப்போன புத்தகம் நிலைய அலமாரியில்தான் இருக்கிறது. பதினேழாம் படத்தை ஈரப் பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். கல்லச்சு மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. பேனா மையில் நிற்கும் என் மூவரும் கரைந்து போவார்கள். கீழே கிடப்பவர் மட்டும் தனியாக மிஞ்சுவார்.

அந்தப் பஞ்சு காய்வதற்குள் மைத்துனரின் கட்டை அவிழ்க்க உத்தரவிடுங்கள். விரல்கள் ஒடிந்தது நிஜம். அதற்கு இனி என்னிடம் புகார் இல்லை. அடித்தவர் ஒருவர். பொய் சொன்னவரும் ஒருவரே.

இடம்: காவல் நிலைய வாசல் பெஞ்சு
நாள்: புதன், காலை பத்து மணி

இப்படிக்கு,
பைண்டிங் மாமா
(இடது கைக் கையொப்பம்)