வாள்மேசை நோட்டீஸ்

3-6-1954, வியாழன்
வட்டவாள் மேசையோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, மில்லில் ஒட்டுவதற்குத் தமிழில் ஏழு விதிகள் எழுதி முடித்தேன். மரத்தை ஒட்டித் தள்ளுகிற நீள இரும்புச் சட்டத்தை இங்கே எல்லாரும் கைடு என்கிறார்கள். நான் அணைச்சட்டம் என்று எழுதினேன். வாளுக்குப் பின்னால் நிற்கும் தகடு, பிளந்த மரம் மூடி வாளைப் பிடிக்காமல் காப்பதால், காப்புத்தகடு. பாறசாலையில் வேறு எவன் இதைச் செய்வான்?

முதலாளி சிவதாணு மலையாளத்திலும் ஒன்று எழுதி ஒட்டச் சொன்னார். எனக்கு மலையாளம் பேச்சோடு சரி, எழுத்து தெரியாது. படித்தது மிஷன் தமிழ்ப் பள்ளியில். கற்றுக்கொள்ளவும் மனமில்லை. இந்தத் தாலுகாவைத் தமிழோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் கூட்டம் நடக்கிறது, நான் போய் அந்த எழுத்தில் எழுதவா?

9-6-1954
வாள்மேசையில் எனக்கு அடுத்த கை சதாசிவன். வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான் பேசுவான். படித்தது மலையாளப் பள்ளியில் என்பதால் தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. இன்று நோட்டீஸ் முன்னால் நின்று, "அண்ணா, மூணாமத்தது என்னண்ணு ஒண்ணு வாசிச்சுச் சொல்லணும்" என்றான். நாலு பேர் பார்க்க, "படிச்சுக்கிடு மக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

எனக்கு நன்றாக இருந்தது. மறைப்பானேன்.

22-6-1954
மறுபடியும் கேட்டான், தனியாக வந்து. சொல்லவில்லை.

13-8-1954, வெள்ளி
மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழோடு சேர்க்கக் கேட்ட கூட்டத்தைப் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மில்லில் யாரைப் பார்த்தாலும் எரிகிறது, சதாசிவனைப் பார்த்தால் கூடுதலாக. அவன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான்.

26-8-1954
பாலராமபுரத்துக்குத் தறிக்கட்டை ஆர்டர். எல்லாம் ஒரே நீளத்தில் குட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றாய் அளக்கச் சோம்பி, சதாசிவன் அணைச்சட்டத்தையே அளவாக வைத்துக் குறுக்கே அறுக்கத் தொடங்கினான். மூன்றாவது விதி அதுதான்: குறுக்கே அறுக்கும்போது மரத்தின் நுனி சட்டத்தில் முட்டக் கூடாது. முட்டினால் அறுந்த துண்டு சட்டத்துக்கும் வாளுக்கும் நடுவில் சிக்கித் திருப்பி அடிக்கும்.

நான் பார்த்தேன். இரண்டு துண்டு அறுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் ஒரு தடவை வந்து கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று— மூன்றாவது துண்டு துள்ளியது. கை வாளுக்குள் போயிற்று. வலது கையில் மூன்று விரல்.

என்ன மனுசன் நான்?

27-8-1954
மில்லில் எல்லாரும் இருக்க, "தமிழ் படிச்சிருந்தா வெரலு கெடந்திருக்கும்" என்றேன். ஏன் சொன்னேன்? வாய் சும்மா கிடக்கவில்லை. வீட்டில் பெஞ்சாதி சுகிர்தபாயிடமும் அதையே சொன்னேன். சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க வாசிச்சுக் குடுத்திருந்தாலும் கெடந்திருக்கும்."

5-9-1954
விசாரித்தபோது தப்பு தனக்குத்தான் என்று சதாசிவன் முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். என் பெயரை எடுக்கவே இல்லையாம். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. தூ.

2-11-1956, வெள்ளி
நேற்று மாநிலம் பிரித்தாயிற்று. விளவங்கோடு தமிழ்ப் பக்கம், நாங்கள் கேரளத்தில். காலையில் போனால் என் நோட்டீஸைக் காணோம், மலையாளத்தில் புதிது ஒட்டியிருந்தது. போன வாரம் வாள்மேசையின் எண்ணெய் எஞ்சினைக் கழற்றிக் கரண்டு மோட்டார் பூட்டினார்கள், அதற்கும் சேர்த்து எழுதச் சொன்னாராம் முதலாளி. எழுதியது சதாசிவன். இப்போது மில் கேட்டில் உட்கார்ந்து வரும் மரத்தடிகளின் கணக்கை இடது கையால் எழுதுகிறான். எண்கள் மட்டும் எனக்குத் தெரியும். எட்டு இருந்தது. என் ஏழும், புதிதாய் ஒன்றும்.

மதியம் ஆளில்லாத நேரம் பார்த்து வாசித்துத் தரச் சொன்னேன். மறுக்கவில்லை. வலது கையில் மிஞ்சிய விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தான். மூன்றாவதை இரண்டு தடவை வாசித்தான். ஏழு முடிந்ததும் கையை எடுத்துவிட்டான்.

"எட்டாமத்தது?"

"படிச்சுக்கிடுங்க அண்ணா."

வேறு யாரிடமும் கேட்கலாம். அன்றைக்கு நாலு பேர் சிரித்தது காதில் நிற்கிறது, கேட்கவில்லை. எட்டாவது வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து இங்கே வரைந்து வைத்திருக்கிறேன். சுகிர்தபாய்க்கும் விளங்கவில்லை. நாளைக்குத் தேக்கு அறுப்பு உண்டு.