எலும்புக்கு அடியில் உன் கை

என் தங்க ஆத்தா ஜெசிந்தாவுக்கு,

நேற்று தேனிக்கு, உன் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா வரவில்லை. நீ இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டாள்.

அரியலூர்ப் பக்கம் உங்கள் கல்லூரி தோண்டுகிற குழியில் நீ கண்டுபிடித்தாயே ஒரு டைனோசர் எலும்பு, அதற்காகத்தான் போனேன். உடையாமலிருக்கச் சாக்குத்துணி சுற்றி, மாவுக்கட்டு போட்டு மூட்டையாகக் கொண்டுவந்தீர்கள். கண்டுபிடித்தவர் ஈரம் காயும் முன் அதன்மேல் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும், பிரிக்கும்போது முதல் வெட்டும் அவருடையது என்பது உங்கள் வழக்கம். போனில் சொல்லிச் சிரித்தாய்.

"எலும்பு பொறுக்கவா ஆத்தா ஒன்னைய காலேசுக்கு அனுப்புனேன்?" என்றேன்.

"நீங்க திராட்ச பறிக்கல? அது மாதிரிதாம்ப்பா. கால் எலும்பா, கை எலும்பான்னு பிரிச்சாத்தான் தெரியும்" என்றாய்.

ஊருக்கு வந்த வாரமே காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உயிரோடு கூட்டிவர என்னால் முடியவில்லை.

மூட்டையைப் பிரிக்கலாமா என்று உன் சிநேகிதி மாலதி கேட்டபோது, கூடாது என்று கத்தினேன். வெட்டினால் உன் கைத்தடம் போய்விடுமே. உன் துணிகளில் இருந்த வாசனைகூடப் போய்விட்டது. வேறென்ன மிச்சம் எனக்கு?

போன வாரம் அவளே மறுபடி கூப்பிட்டாள். "கை இருக்க பக்கத்த வெட்ட மாட்டோம்ப்பா. பெரட்டிப் போட்டு அடிப்பக்கத்தத்தான் பிரிப்போம். கைப்பக்கம் அப்பிடியே கீழ கெடந்து எலும்பத் தாங்கிக்கிரும். எங்களுக்குப் பாடம் எடுக்குற மேடமும் அதத்தான் சொன்னாக."

"அப்ப எம்மக கைய இனிப் பாக்க முடியாதுல்ல?"

அவள் அழுதுவிட்டாள்.

நேற்று, புரட்டும் முன் என்னைத் தனியே விட்டார்கள். உன் கைமேல் என் கையை வைத்தேன். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல், வளைவு மாறாமல் அப்படியே பதிந்திருந்தது. மாவுக்கட்டு சில்லென்றிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பிடித்த உன் கையும் அப்படித்தான் இருந்தது. எடுக்க மனசே வரவில்லை. ஆனால் உள்ளே என்ன எலும்பு என்று பார்க்க நீ எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாய்?

"பெரட்டுங்க தாயி" என்றேன். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். முதல் வெட்டை என்னையே போடச் சொன்னார்கள். போட்டேன்.

தொடை எலும்பாம், ஆத்தா. பிள்ளைகள் எல்லோரும் குனிந்து அதைத்தான் பார்த்தார்கள். நான் அடியில் இருக்கிற உன் கையையே நினைத்துக்கொண்டு நின்றேன். கனக்குமே என்று பயமாக இருந்தது.

ஒருநாள் அம்மாவைக் கூட்டிவருவேன். அந்த எலும்பைத் தொடவைத்து, இதைத் தாங்கிக்கொண்டிருப்பது நம் பிள்ளையின் கை என்று சொல்வேன். இது சத்தியம்.

உன் கையை அங்கேயே விட்டுவிட்டு வந்த,
உன் அப்பா