காட்டோவின் பல் சந்து

பிப்ரவரி 11

சந்துப்பல்லா, உன் அண்ணன் வாஸ்வா இன்று பட்டப்பகலில் நம் கடைக்குப் பின்னால் வாழைத்தார்க் குவியலில் சாய்ந்து தூங்கிப் போனான். பாடம் நடக்கும்போதே தூங்குகிறான் என்று பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வாய் பிளந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, அப்படி ஒரு குறட்டை.

தக்காளிக் கடைக்காரி ஜஸ்டின் கேட்டாள்: "என்ன நாலோங்கோ, உன் மகன் மோட்டார் பைக்க முழுங்கிட்டானா? சைலன்சரயாவது மாட்டி விடேன்."

நீ இல்லாமல் போன பிறகும் என்னை நாலோங்கோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரட்டை பெற்றவளுக்கு அந்தப் பேர் போகாதாம்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குறட்டை நின்றது. நெஞ்சு எழும்புகிறது, வயிறு உள்ளே ஒட்டுகிறது — காற்று மட்டும் போகவில்லை. தாரைக் கீழே போட்டுவிட்டு ஓடி உலுக்கினேன். ஒரு பெரிய இழுப்பு இழுத்துக் கண் திறந்தான்.

"ஏம்மா எழுப்பின?"

உனக்கும் அன்றைக்குக் குறட்டைதான் முதலில் நின்றது. நல்ல தூக்கம் என்று நினைத்தோம்.

பிப்ரவரி 12

இந்த நோட்டு உன்னுடைய கணக்கு நோட்டு. பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. நான் நாலாவது வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்தான். நீ சிரிக்காதே.

இரட்டையில் ஒன்று செத்தது என்று நாங்கள் சொல்லக் கூடாது. பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அழவும் கூடாது, அழுதால் மற்றதும் பறந்துவிடும். உன் அத்தை நாமூலி என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். வாயால் அழக் கூடாது என்றாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 20

பெரிய ஆஸ்பத்திரி. தொண்டை டாக்டர் பார்த்துவிட்டுப் பல் டாக்டரிடம் அனுப்பினார். மூச்சுக்கு எதற்குப் பல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அவள் பேர் அகெல்லோ. சின்னப் பெண். வாஸ்வாவின் வாயில் கண்ணாடியை வைத்து எனக்கே காட்டினாள்.

"மேல் அண்ணத்தப் பாருங்கம்மா. எவ்வளவு குறுகலா, ஒசரமா இருக்கு. நமக்கு இது அண்ணம், மூக்குக்கு இதுதான் தரை. தரை குறுகினா மேல வீடும் குறுகுது. நாக்குக்கும் எடமில்ல, தூங்கினா பின்னால போய் வழிய அடைக்குது."

மேல் பற்களில் ஒரு கம்பி ஒட்டுவார்களாம். நடுவில் திருகு. தினமும் நான் ஒரு சின்னச் சாவியால் ஒருமுறை திருப்ப வேண்டும். அண்ணத்தின் எலும்பு நடுவில் மெதுவாக விலகி அகலமாகுமாம்.

"இவன் தம்பிக்கும் இதேதான் இருந்திச்சா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "பாக்காத வாயப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா."

பிப்ரவரி 23

நாமூலி வந்தாள். உன் அப்பா ஜூபாவுக்கு லாரியில் போயிருக்கிறார். அவர் இல்லாதபோது இரட்டைக்குரிய காரியமெல்லாம் அவள் சொல்வதுதான்.

"சட்ட எடுத்தா ரெண்டு எடுத்தோம். அடிச்சாலும் ரெண்டு பேரையும் அடிச்சோம். இப்ப ஒருத்தன் வாய்ல மட்டும் இரும்பா? பங்கு கெடைக்கலன்னா அவன் கேட்டு வருவான்."

"எப்படி அண்ணி வருவான்?"

"வரும்போது பாரு."

மார்ச் 4

கம்பி ஒட்டியாயிற்று. முதல் திருப்பு அகெல்லோ திருப்பினாள், அடுத்தது நான். வாஸ்வாவுக்கு மூக்குத் தண்டில் அழுத்துகிறதாம், கண்ணில் தண்ணீர். சாப்பிடும்போது, "அம்மா, களிய நான் திங்கல, கம்பிதான் திங்குது," என்றான்.

மார்ச் 5

நாமூலி சொன்னது காதிலேயே நிற்கிறது.

மார்ச் 12

எழுத வேண்டுமா இதை? எழுதுகிறேன்.

காலையில் வாஸ்வா முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பி, சிரித்தான்.

நீ.

முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் அந்தச் சந்து. பெற்ற நானே உங்கள் இருவரையும் அதை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பேன். இந்தச் சந்துக்கே பொண்ணுங்க வரிசையா வருவாங்க என்று ஜஸ்டின் உன்னைக் கிண்டல் பண்ணுவாளே, அதே சந்து. கையிலிருந்த துணி அலசும் பேசினைத் தவறவிட்டேன். சோப்புத் தண்ணீர் அவன் கால்வரை ஓடிற்று. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

எலும்பு விலகினால் பல்லும் விலகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள். சொல்லியிருந்தாள்தான்.

மார்ச் 13

நாமூலி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவனையே பார்த்தாள். பிறகு மெல்ல உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"காட்டோ."

"என்ன அத்தை?" என்றான் வாஸ்வா.

எதற்கடா திரும்பினான் அவன்?

அவள் நேராக உள்ளே வந்தாள். அலமாரி மேல் இருந்த சாவியை எடுத்து இடுப்புக் கச்சையில் முடிந்துகொண்டாள். "இரும்பக் கழட்டு. அதுவரைக்கும் இது எங்கிட்டத்தான் இருக்கும்."

மார்ச் 15

சாவி இல்லை. திருப்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

சிரிடா, சிரிடா என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. கையால் வாயை மூடிக்கொண்டான்.

"அம்மா, நீ என்னையத்தான பாக்கிற?"

மார்ச் 17

நாமூலி சந்தைக்கே வந்தாள், கம்பி கழற்றியாயிற்றா என்று கேட்க. நல்ல வெயில். வாஸ்வா அவள் மடியில் தலை வைத்தவன் அப்படியே தூங்கிவிட்டான். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள் — உனக்கு வெள்ளைக் கோட்டு போட்டவ சொன்னாத்தான் காதுல ஏறும், வீட்டு மனுஷி சொன்னா ஏறாது — குறட்டை நின்றது. அவள் பேச்சும் நின்றது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் மடியைப் பார்த்தாள். அவன் நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. உதடு சாம்பல் நிறமாகிறது. அவள் இதுவரை இதைப் பார்த்ததே இல்லை.

"ஏய். ஏய். அட சாமி, எழுந்திருடா!"

இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி உட்கார வைத்தோம். இழுத்தான். இருமினான். தண்ணீர் கேட்டான்.

நாமூலியின் விரலுக்குக் கச்சை முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியை என் கையில் வைத்து, "திருப்பு," என்றாள். பிறகு, அழாமல், அழுவது போலவே, "அவன் பங்க மட்டும் மறந்துடாதடி."

அங்கேயே, தார்களுக்கு நடுவில், வாஸ்வாவின் வாயில் ஒரு திருப்பு. அப்புறம் அவன் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், காற்றில் ஒரு திருப்பு. ஜஸ்டின் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் பண்ணவில்லை.

மார்ச் 18

வாயில் ஒன்று. காற்றில் ஒன்று.

ஏப்ரல் 8

அகெல்லோ திருகை அடைத்துவிட்டாள். இனிமேல் திருப்ப வேண்டாம், கம்பி மட்டும் இருக்கட்டும் என்றாள். "சந்தப் பத்திக் கவலப்படாதீங்கம்மா. கொஞ்ச நாள்ல தானா மூடிக்கும்."

கவலைப்படாதீங்க என்றாள்.

ஜூன் 3

வாத்தியார் சொல்லி அனுப்பினார்: வாஸ்வா இப்போது தூங்குவதில்லை, வாயாடுகிறான்.

ஜூலை 14

சந்தில் ஒரு நூல்தான் போகும். நாமூலி வரும்போதெல்லாம் முதலில் அவன் பல்லைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 25

ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வாஸ்வா பாயில் படுத்தான். வாய் மூடியிருக்கிறது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மை எனக்கு இன்னும் பழகவில்லை, புறங்கையை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். சூடாக வந்து போகிறது.

காலையில் சிரித்தான். சந்து மூடிவிட்டது. வாஸ்வாவின் பல்தான். வாஸ்வாதான்.

சாவி இனி வேண்டாம் என்று அகெல்லோ சொல்லியும் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இவன் தூங்கிய பிறகு பாயின் காலிப் பக்கம் உட்கார்ந்து தினமும் காற்றில் ஒரு திருப்பு திருப்புகிறேன். இன்றும் திருப்பினேன்.

அங்கே உனக்கு வழி திறக்கிறதா, சந்துப்பல்லா? மூச்சு வருகிறதா?