சுவரைப் பார்த்து நின்ற உளவாளி

மாப்ள கண்ணா, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காதைக் கொடு.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ கடைசியாகச் செய்த புது வெடி, உன் ஐட்டம், பத்திரமாக இருக்கிறது. எவனும் பார்க்கவில்லை, எவனும் அடித்துக்கொண்டு போகவில்லை. ஒரு வாரமாக அதே பயத்தில் திரிந்தேன். நேற்று சாயங்காலம்தான் மூச்சு வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நீ போன பிறகு நம் பட்டாசுக் கம்பெனிக்கு வருகிற முதல் தீபாவளி சீசன் இது. ஆர்டருக்குப் போன் பண்ணுகிற வெளியூர் ஏஜெண்டுகள் உன்னைத்தான் கேட்கிறார்கள். இறந்துவிட்டான் என்றதும், "வெடி விபத்துங்களா?" என்கிறார்கள். சிவகாசிப் பக்கத்து ஆளுக்கு நெஞ்சுவலி வரக்கூடாதா, மாப்ள? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மறுநாள் லோடைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போனதற்கு உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நாங்கள் நிறுத்தவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான், இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். துபாயில் செல்வம், டெல்லியில் குரு, திருத்தங்கலில் நீயும் நானும். ஒரே பெஞ்சில் படித்த நாலு பேரும் போனில் ஒரு விளையாட்டுக்குள் பொம்மைகளாகக் கூடுவோம். முதலில் துப்பாக்கியால் சுட்டு விளையாடினோம். எனக்கு அதில் செத்துச் செத்துப் பிழைத்ததுதான் மிச்சம். பிறகு நீ அதற்குள்ளேயே ஒரு வீடு கட்டினாய். அதில் ஒரு சுவர் முழுக்கத் திரை. நம் போனில் இருக்கிற வீடியோவை அதில் ஓட்டினால், அறைக்குள் நிற்கிற எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், பார்த்துக்கொண்டே பேசலாம்.

நீ ஓட்டியதெல்லாம் நம் கம்பெனி சாம்பிள் வீடியோதான். வெம்பக்கோட்டைப் பக்கம் பொட்டலில் புது வெடியைக் கொளுத்திப் பார்க்கும்போது, ஏஜெண்டுகளுக்கு அனுப்ப எடுப்பாயே, அவை. வெடியைவிட உன் பேச்சுக்குத்தான் கூட்டம். "பாருங்க, பாருங்க, மேல போகுது. ஏலே பாண்டி, தள்ளி நில்லுலே, வேட்டியில பொறி விழுந்தா ஊரே சிரிக்கும்," என்று என்னை விரட்டுவாய். பட்டாசு வெடிக்கத் தடை போடுகிற டெல்லியில் உட்கார்ந்துகொண்டு குரு அதற்கு விசில் அடிப்பான்.

நீ போனதும் இதோடு சரி என்றுதான் நினைத்தேன். செல்வம் விடவில்லை. "அவன் குரல் அம்புட்டும் போன்ல கெடக்குல்ல, ஓட்டுலே," என்றான். உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆர்டரெல்லாம் அந்த நம்பருக்கு வருவதால், கருமாதி முடிந்த கையோடு உன் பொண்டாட்டி மீனா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து விளையாட்டுக்குள் போனால் உன் பொம்மைதான் வந்து நிற்கிறது, அதே மஞ்சள் சட்டையோடு. அதற்குள் இருந்துகொண்டு நான் பேசுகிறேன்.

போன ஞாயிறு உன் கடைசி வீடியோவை ஓட்டினேன். நீ பேர்கூட வைக்காமல் போன ஐட்டம். மூணு ஷாட் மேலே போய் விரிந்து, எல்லாம் அணைந்து, முடிந்தது என்று ஆட்கள் திரும்பும்போது தங்க நிறத்தில் ஒன்று நிதானமாக இறங்குமே, அது. "எந்திரிச்சுராதீக, இன்னும் ஒண்ணு இருக்கு," என்று ஏஜெண்டுகளுக்குச் சொல்கிறாய். அந்த நேரம் பார்த்துத்தான் செல்வம் கேட்டான்.

"ஏலே, அங்கன நிக்கது யாரு?"

உன் பொம்மையை ஒட்டி ஒரு மொட்டைத்தலைப் பொம்மை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு விளையாட்டே மாட்டிவிடுகிற வெள்ளை பனியன். பேர் இருக்கவேண்டிய இடத்தில் வாயில் நுழையாத நாலைந்து எழுத்து. திரைக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றது. கூப்பிட்டால் பதில் இல்லை. வீடியோ முடிந்ததும் மறைந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், நீ வீடு கட்டிய நாளிலிருந்து கதவு எல்லாருக்கும் திறந்தே கிடந்திருக்கிறது.

நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டுமா? ஒருத்தன் புதிதாக ஒன்று செய்தால், அவன் லேபிள் அடித்து வருவதற்குள் வேறு பேரில் இன்னொருத்தன் கடையில் இருக்கும். இந்த சீசனுக்குப் புதிதென்று நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். அதில் வருகிற உன் பங்கை வைத்துத்தான் மீனா வீட்டை ஓட்டவேண்டும். அதைப் போய்த் திறந்த வீட்டில், தெருவோடு போகிறவன் பார்க்க ஓட்டிக் காட்டியிருக்கிறேன்.

குரு என் பயத்தை இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டான். "வெவரமான ஆளுலே. நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு சொவத்தப் பாத்து நடிக்கான்."

அந்த வாரம் டீக்கடையில் எவன் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது. லேபிள் அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போய், வேறு யாரும் இந்த மாதிரி ஐட்டத்துக்குப் படம் கேட்டு வந்தார்களா என்று சுற்றி வளைத்து விசாரித்தேன். என் சம்சாரம், "ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கீக?" என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மீனா வருவதைப் பார்த்துவிட்டு வண்டியை வேறு சந்துக்குள் திருப்பினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பது?

நேற்றும் வேண்டுமென்றே கதவைத் திறந்தே விட்டேன். ஆளைப் பிடிக்கவேண்டுமே. பழைய புஸ்வாண வீடியோ ஒன்றை ஓட்டிவிட்டுக் காத்திருந்தேன். மொட்டை வந்தான். அதே இடம், அதே சுவர்.

"ஏலே, யாருலே நீ? எந்தக் கம்பெனிக்காரன் அனுப்புனான்? செத்தவன் ஒழைப்பத் திருட வெக்கமா இல்ல?" என்று பிடித்துக்கொண்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதினால் நன்றாக இருக்காது. மொட்டை குதித்தான். உட்கார்ந்தான். திடீரென்று டான்ஸ் ஆடினான். பிறகு எதில் விரல் பட்டு மைக் திறந்ததோ, குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"அண்ணே, வையாதீக. நாந்தான், மீனா."

உன் பொம்மைக்குள் இருந்துகொண்டு உன் பொண்டாட்டியை அந்த வசவு வைதிருக்கிறேன், மாப்ள.

"இத்தன வருசத்துல அவுககூட என்னய இப்படி வஞ்சதில்ல," என்றாள். அதைக் கேட்டதும் குரு சிரித்துவிட்டான். அப்புறம் அவளும் சிரித்தாள்.

நீ விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், அதற்குள் நீ கட்டிய வீட்டின் பேர் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் போனில் தானாகவே விளையாட்டை இறக்கி, தட்டித் தடவி உள்ளே வந்திருக்கிறாள். "எப்படித் திரும்புறதுன்னு தெரியலண்ணே. காதுல விழுந்தாப் போதும்னு நின்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் ஒன் போனுக்கே அனுப்பிருப்பேனேம்மா," என்றேன்.

"வேண்டாம்ணே. எங்கிட்டயும் ரெண்டு மூணு கெடக்கு. தனியாப் போட்டா முழுசாக் கேக்க முடியல, பாதியில நிறுத்திருதேன். இங்கன நீங்கல்லாம் சிரிக்கும்போது கேட்டா, முன்ன மாதிரி அவுக அடுத்த ரூம்ல வெளாடுறாப்புல இருக்கு. நான் பாட்டுக்குச் சமைச்சுக்கிட்டு இருப்பேன்."

நான் அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? உன் பொம்மைக்கு முகம் மாறாது, அது சிரித்துக்கொண்டேதான் நின்றது. ஐட்டம் தப்பித்தது என்ற நிம்மதி ஒரு பக்கம். அதைவிட, அவள் ஒண்டியாகக் கிடக்கவில்லை, நம்மோடுதான் இருந்திருக்கிறாள் என்ற நிம்மதி. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவன் நேற்று மூணு தடவை சோறு வாங்கித் தின்றேன்.

பொம்மையை எப்படித் திருப்புவது என்று செல்வம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். "கட்டை விரல லேசா இழும்மா, லேசா," என்று அவன் சொல்லச் சொல்ல, மொட்டை பம்பரமாகச் சுற்றி ஒரு வழியாகத் திரையைப் பார்த்து நின்றது. உன் கடைசி வீடியோவை அவளுக்காக மறுபடி ஓட்டினேன். மூணு ஷாட்டும் விரிந்து அணைந்தன. "எந்திரிச்சுராதீக," என்றாய் நீ.

"நான் எங்கிட்டு எந்திரிக்க," என்றாள் மீனா.

அந்தத் தங்கம் இறங்கி முடிகிறவரைக்கும் மொட்டை திரையைப் பார்த்தே நின்றது.

ஐட்டத்துக்குப் பேர் வைக்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறாள். உன் மனசில் என்ன பேர் வைத்திருந்தாய்? எங்களிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

சீசன் முடிகிறவரைக்கும் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடத்தான் போகிறேன். நம் ஊர் அப்படி. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மொட்டை உள்ளே வந்து, உன் பக்கத்தில் திரையைப் பார்த்துத் திரும்பி நின்ற பிறகுதான் பூட்டுவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

அவளுக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான
பாண்டி
திருத்தங்கல்